கல்விக்குக் கொடுக்கும் விலை: பாகாயம் கூறும் சரித்திரம்



ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்தவுடன், நம் சங்கக் காரியாலயத்தின் திண்ணை கலியாண வீட்டுத் திண்ணை போல் நிறைந்துவிடுகின்றது. வருவோர் பெரும்பாலும் தந்தைமார். அவர்தம் ஒரு கையில் மதிப்பெண் பட்டியலும், மற்றொரு கையில் யாதேனும் ஒரு தனியார் கலாசாலையின் வண்ணப் பத்திரிகையும் இருக்கும். அவர்கள் கேட்கும் வினா ஒன்றே. "ஐயா, இவ்வளவு பணம் கேட்கிறார்கள். நிலத்தை விற்றுக் கொடுக்கலாமா? கொடுத்தால் பிள்ளை முன்னுக்கு வருவானா?" என்பதே அது.

இதற்கு ஆம் என்றோ அன்று என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிடுதல் எளிது. ஆயின் அவ்வாறு கூறுவோர், ஒரு குடும்பத்தின் இருபதாண்டு உழைப்பைத் தம் நாவின் நுனியில் வைத்து விளையாடுவோராவர். ஆதலின் யாம் இம்மாதம் அவ்வினாவைச் சரித்திரத்தினிடம் கொண்டு சென்று கேட்கத் துணிந்தோம். அதற்காக நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. வேலூர்க் கோட்டைக்குத் தெற்கே, ஆரணி செல்லும் பெருவழியில், குன்றுகளின் அடிவாரத்தில் உள்ள நம் பாகாயமே போதுமான சாட்சி கூறும்.

மூன்று மரணங்களும் ஒரு கலாசாலையும்

பாகாயம் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது கிறிஸ்தவ வைத்தியக் கலாசாலையே. அதனை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-ஆம் ஆண்டில் நம் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவர் இளம்பெண்ணாயிருந்த காலத்தில் திண்டிவனத்தில் தம் தந்தையாரோடு தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காக்க வருமாறு அவரை வேண்டினர். வைத்தியம் அறிந்தவர் தந்தையேயன்றி யானல்லேன் என்று அவர் உரைத்தும், ஆடவர் ஒருவர் பெண்ணைத் தொட்டு மருத்துவம் செய்தல் தம் வழக்கிற்கு ஒவ்வாதென மூவரும் திரும்பினர். விடிவதற்குள் அம்மூன்று பெண்களும் மாண்டனர். இதைக் கண்டு மனம் கலங்கிய ஐடா அம்மையார் அமெரிக்கா சென்று, கார்னெல் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று 1899-இல் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூருக்குத் திரும்பி, ஒரே ஒரு படுக்கையுடன் வைத்தியசாலை தொடங்கினார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டுவது பணத்தின் போக்கையாகும். நியூயார்க்கிலிருந்த ஷெல் என்னும் வங்கித் தனவந்தர் மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் ஈந்தார். அப்பணத்தைக் கொண்டு 1902-இல் 40 படுக்கைகளோடு கூடிய பெண்கள் மருத்துவமனை எழுந்தது. 1909-இல் தாதியர் பயிற்சி தொடங்கியது. 1918-இல் பெண்களுக்கென ஒரு வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டது. பெண்கள் யார் வரப்போகிறார்கள் என்று அந்நாளில் நகைத்தோர் பலர். ஆயினும் விண்ணப்பங்கள் எதிர்பார்த்ததினும் மிகுதியாக வந்தன. முதல் அணியில் சேர்ந்த பெண்கள், ஆடவர் பயின்ற பள்ளிகளையும் விஞ்சும்படி தேறி, நகைத்தோரை நாணச் செய்தனர்.

பள்ளி வளர்ந்து, நகரத்துள் இடம் போதாமையால், 1928-இல் பாகாயத்துக் குன்றடியில் 200 ஏக்கர் நிலத்தில் கட்டடப் பணி தொடங்கிற்று. 1932 முதல் மாணவியர் அங்குக் குடியேறினர். இன்று நாம் வழியே போகும்போது காணும் கல் கட்டடங்களின் தொடக்கம் இதுவே. அதன் பின்னர் ஒரு பெரும் சோதனை வந்தது. 1930-களின் பிற்பகுதியில் சென்னை இராஜதானித் துரைத்தனத்தார், எல்.எம்.பி. என்னும் சிறிய வைத்தியப் படிப்பை ஒழித்து, எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பு ஒன்றே இருத்தல் வேண்டுமென முடிவு செய்தனர். பட்டப்படிப்புக்கு வேண்டிய ஆசிரியரும் ஆய்வுக்கூடங்களும் படுக்கைகளும் பெருஞ்செலவு பிடிப்பன. பள்ளியை மூடிவிடுதலே விவேகம் என்று கூறியோரும் உளர். அப்பொழுது 70 வயதைக் கடந்திருந்த ஐடா அம்மையார், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1941-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1942-இல் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947-இல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர்.

அன்பர்களே! இஃது ஒரு தனியார் கலாசாலை. அதை நடத்துவதோ மிகுந்த செலவு பிடிக்கும் காரியம். எனினும் அச்செலவு மாணவன் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைக்கப்படவில்லை. கொடையாளரும், பல நாட்டுத் திருச்சபைச் சங்கங்களும், மருத்துவமனையின் வருவாயும் அதைத் தாங்கின. இன்றளவும் அங்கு எம்.பி.பி.எஸ். படிப்பின் கட்டணம் தனியார் வைத்தியக் கலாசாலைகளுள் மிகக் குறைந்தவற்றுள் ஒன்றாகவே இருந்து வருகின்றது. ஆனால் மாணவனிடம் அக்கலாசாலை ஒன்றும் கேட்கவில்லை என்று எண்ணற்க. திருச்சபைகளின் பரிந்துரையில் சேர்ந்தோர், பட்டம் பெற்றபின் 2 ஆண்டுகள் தம்மை அனுப்பிய மிஷன் மருத்துவமனைகளில், பெரும்பாலும் சிற்றூர்களிலும் மலைப்பகுதிகளிலும், ஊழியம் செய்தல் வேண்டும். அங்கே கல்வியின் விலை பணமாகவன்றிச் சேவையாகப் பெறப்பட்டது. அதன் பயனையும் நாடு கண்டது. இந்தியாவில் முதன்முதல் வெற்றிகரமாக நடந்த திறந்த இருதய அறுவைச் சிகிச்சை 1961-இலும், முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சிகிச்சை 1971-இலும் வேலூரிலேயே நடைபெற்றன.

தோல் வணிகர் கட்டிய கலாசாலைகள்

இது வெளிநாட்டார் பணத்தால் ஆனது. நம்மவரால் ஆகுமா என்று வினவுவோர் இருக்கலாம். அன்னோர் பாலாற்றங்கரையின் வழியே மேற்கும் கிழக்கும் சென்று காண்க. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பதனிட்டுக் கப்பலேற்றிப் பொருள் ஈட்டிய முஸ்லிம் வணிகர்கள், தம் வருவாயில் ஒரு பங்கைக் கல்விக்கென எடுத்துவைத்தனர். வாணியம்பாடியில் 1919-ஆம் ஆண்டிலேயே இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. மேல்விஷாரத்தில் வள்ளல் அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரால் 1965-இல் ஒரு கல்லூரி எழுந்தது. இவை ஒரு சமூகத்தாரின் முயற்சியால் ஆயினவேனும், எல்லாச் சாதி மாணவரும் அங்கே பயின்றனர். நம் சமூகத்துப் பெரியோர் சிலரும் அங்கே பட்டம் பெற்றவர்களே என்பதை நன்றியுடன் குறிப்பிடுகின்றோம்.

தென்பாண்டி நாட்டில் விருதுநகர் நாடார்கள் செய்த காரியமும் யாவரும் அறிந்ததே. வணிகத்தில் மகமை என்று ஒரு சிறு தொகையும், வீட்டில் சோற்றுக்கு உலை வைக்கும்போது பிடியரிசியும் ஒதுக்கி, அவற்றைக் கொண்டே க்ஷத்திரிய வித்தியாசாலையை நடத்தினர். பிற்காலத்தில் முதன் மந்திரியாய் விளங்கி, ஊர்தோறும் பள்ளி திறந்த காமராசர் அப்பிடியரிசிப் பள்ளியில் பயின்றவரே. சென்னையிலோ, 1794-இல் காலமான பச்சையப்ப முதலியாரின் தருமப் பணம் நெடுங்காலம் வழக்கில் கிடந்து, பின்னர் 1842-இல் பள்ளியாகவும், 1889-இல் கலாசாலையாகவும் மலர்ந்தது.

வேலூர் ஊரிஸ் கல்லூரியையும் மறத்தலாகாது. 1898-இல் கல்லூரியான அதில் 1900-களின் தொடக்கத்தில் பயின்றவர் திருத்தணியில் பிறந்த இராதாகிருஷ்ணன். ஏழைக் குடும்பத்தினரான அவர் உபகாரச் சம்பளத்தைக் கொண்டே கல்வியை நடத்தினார். பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்றபோது, பட்டம் முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தமையால், புத்தகச் செலவு மிஞ்சும் என்று அவர் தத்துவத்தையே பாடமாகக் கொண்டார் என்பர். அவரே 1962-இல் பாரத நாட்டின் ஜனாதிபதியானார். இனாமாகக் கிடைத்த பழம் புத்தகங்கள் அவருக்குப் போதுமானவையாயிருந்தன.

காலம் மாறியது

இவ்வளவும் சேர்த்து நோக்குங்கால் ஒன்று விளங்கும். அக்காலத்தில் தனியார் கலாசாலை என்றால், பிறர் பணம் கொடுக்க நம் பிள்ளை படிக்கும் இடம் என்பது பொருள். 1984-ஆம் ஆண்டுக்குப் பின் அப்பொருள் தலைகீழாயிற்று. அவ்வாண்டில் தமிழ்நாட்டு அரசு, அரசு மானியம் பெறாது மாணவர் கட்டணத்தைக் கொண்டே நடைபெறும் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகளுக்கு இசைவளித்தது. நம் காட்பாடிப் பக்கத்தில் அவ்வாண்டே தோன்றிய வேலூர்ப் பொறியியற் கல்லூரி, 2001-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, இன்று நாடெங்கும் மாணவர் வந்து சேரும் வி.ஐ.டி. எனப் பெயர் பெற்று விளங்குகின்றது. மாநிலமெங்கும் இத்தகைய கல்லூரிகள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டுப் பெருகின. பின்னர் மாணவர் சேராமையால் அவற்றுள் பல மூடப்பட்டன என்பதையும் நாம் கண்ணாரக் கண்டோம்.

இம்மாறுதலால் நன்மையே இல்லை என்று யாம் கூறோம். அரசுக் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாக இருந்த நாளில், நம் சமூகத்தின் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பொறியியல் என்பது எட்டாக்கனியாயிருந்தது. சுயநிதிக் கல்லூரிகள் அக்கனியைத் தாழ்ந்த கொம்பில் கொண்டுவந்து வைத்தன. ஆயின் அதனோடு நன்கொடை என்னும் பெயரில் வேறொரு வழக்கமும் புகுந்தது. மனமுவந்து கொடுப்பதற்கே நன்கொடை என்று பெயர். இதுவோ, கொடுக்காவிடில் இடமில்லை என்று வாங்கப்படுவது.

இவ்வழக்கம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1992-இல் தீர்ப்பான மோகினி ஜெயின் வழக்கில், கர்நாடகத்துத் தனியார் வைத்தியக் கல்லூரிகளில் அரசு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாயும், அம்மாநிலத்துப் பிற மாணவருக்கு 25,000 ரூபாயும், வெளி மாநிலத்தாருக்கு 60,000 ரூபாயும் கட்டணமாக இருந்தமை வெளியாயிற்று. நன்கொடை வாங்குதல் கல்வியை விற்பதேயாகும் என்று நீதிபதிகள் கண்டித்தனர். அதே 1992-இல் தமிழ்நாட்டு அரசும் நன்கொடைக் கட்டணத்தைத் தடுக்கும் சட்டம் இயற்றிற்று. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கிலும் 2005-இல் இனாம்தார் வழக்கிலும், தனியார் தம் கல்லூரியை நடத்திக்கொள்ளலாம், நியாயமான மிகுதியும் பெறலாம், ஆனால் கொள்ளை இலாபமும் நன்கொடையும் ஆகா என்று தீர்ப்பாயிற்று. சட்டம் இவ்வாறு தெளிவாக இருந்தும், இரசீது இல்லாப் பணம் கைமாறும் செய்தி நம் காதுக்கு வராத ஆண்டில்லை.

நம் வீட்டுக் கதை ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் சாலையில் கணக்கு எழுதிவந்த நம் அன்பர் ஒருவர், தம் மூத்த மகனை ஒரு தனியார் கலாசாலையில் சேர்த்தார். அக்கலாசாலையின் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. கட்டணத்துக்கு இரசீது கிடைத்தது. அதனினும் பெரிய தொகை ஒன்றுக்கு இரசீது கிடைக்கவில்லை. பாட்டனார் வைத்துப் போன ஒன்றரை ஏக்கர் நிலம் விலையாயிற்று. அன்பரின் மனைவியார் கழுத்து நகை அடகுக்குப் போயிற்று. வங்கியில் கடனும் எழுந்தது. அவ்வாண்டில் இப்பத்திரிகையிலேயே, "நம் குலத்துக்கு ஓர் எஞ்சினீயர்" என்று அம்மாணவனின் படத்தை வெளியிட்டு வாழ்த்துக் கூறினோம்.

இரண்டாண்டு கழித்து அன்பரின் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறினாள். தமையனைவிட அவள் மதிப்பெண் மிகுதி. ஆயின் வீட்டில் பணம் இல்லை. "பெண் பிள்ளைதானே ஐயா, மகன் தலையெடுத்தால் அவளைக் கரையேற்றிவிடுவான்" என்றார் தந்தையார். அவள் காலணித் தொழிற்சாலையில் தையற் பொறியின்முன் அமர்ந்து, காலணியின் மேற்பாகம் தைக்கும் வேலைக்குச் சென்றாள். மகனும் பட்டம் பெற்றான். ஆனால் படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கிட்டாமல், சிறு சம்பளத்தில் சென்னையில் காலந்தள்ளினான். கடன் தவணையில் ஒரு பகுதி தங்கையின் கூலியிலிருந்தே கட்டப்பட்டது.

இதில் யாம் மிகவும் வெட்கமுற்று எழுதுவது ஒன்றுண்டு. அவர்கள் வீட்டிலிருந்து பேருந்தில் வந்து போகக்கூடிய தொலைவில், இதே பாகாயத்தில், 1990 முதல் தந்தை பெரியார் அரசினர் பொறியியற் கல்லூரி நடந்து வருகின்றது. அருகிலே ஓட்டேரியில் முத்துரங்கம் அரசினர் கலைக் கல்லூரி உள்ளது. அவ்விரண்டிலும் கட்டணம் ஒரு சாதாரணத் தொழிலாளியும் தாங்கக்கூடியது. அப்பெண் அவற்றுக்கு விண்ணப்பம் போடவில்லை. போடச் சொல்வார் யாருமில்லை. தமையன் படத்தை அச்சிட்ட யாமும் தங்கை என்ன படிக்கிறாள் என்று கேட்டோமில்லை. பெண்களின் உயிர் காக்கவென்றே ஒரு கலாசாலை எழுந்த ஊருக்குப் பக்கத்தில், ஓர் அறிவுள்ள பெண்ணின் கல்வி இவ்வாறு முடிந்தது. இக்குற்றத்தில் சங்கத்துக்கும் பங்குண்டு என்பதை மறைக்காது ஒப்புக்கொள்கின்றோம்.

கணக்குப் பார்த்தல்

இனி, உணர்ச்சியை ஒருபுறம் வைத்துக் கணக்கைப் பார்ப்போம். நாலாண்டுப் படிப்புக்கு ஆண்டுதோறும் 2,50,000 ரூபாயாக மொத்தம் 10,00,000 ரூபாய் வங்கியில் கடன் பெறுவதாக வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்கு 11. படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டுவதில்லை என்றாலும், வட்டி உறங்குவதில்லை. தனிவட்டியாகக் கணக்கிட்டாலும், ஐந்தாண்டின் முடிவில் வட்டி மட்டும் 3,85,000 ரூபாயாகிக் கடன் 13,85,000-இல் வந்து நிற்கும். அதைப் பத்தாண்டில் தீர்ப்பதெனில் மாதந்தோறும் ஏறக்குறைய 19,000 ரூபாய் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது கொடுத்த தொகை சற்றேறக்குறைய 23 இலட்சமாகும். பிள்ளையின் முதற் சம்பளம் 50,000 ஆயின் இது தாங்கக்கூடிய பாரமே. 20,000 ஆயின், வாடகைக்கும் சோற்றுக்கும் தந்தையே மீண்டும் பணம் அனுப்ப வேண்டி வரும். ஆகவே கட்டணம் எவ்வளவு என்பதைவிட, அங்குப் படித்தோர் பெரும்பாலோர் என்ன சம்பளம் பெறுகின்றனர் என்பதே முதன்மையான வினா.

சில பெருங்கட்டணக் கலாசாலைகளில் நல்லாசிரியரும், சிறந்த ஆய்வுக்கூடங்களும், பெரிய கம்பெனிகள் நேரில் வந்து ஆள் எடுக்கும் வசதியும் இருப்பது உண்மை. வசதியுள்ள குடும்பத்தார் அவற்றில் பிள்ளைகளைச் சேர்ப்பதை யாம் குறை கூறோம். ஆயினும் சேர்க்குமுன் சில கேள்விகளுக்கு விடை பெறுதல் நலம். அப்பாடத்தில் சென்ற மூன்றாண்டுகளில் தேறியோர் எத்தனை பேர், வேலை பெற்றோர் எத்தனை பேர்? பத்திரிகையில் படம் போட்ட ஒருவரை விடுத்து, நடுத்தரமாய்த் தேறியவர் பெற்ற சம்பளம் என்ன? கேட்கும் தொகை முழுவதற்கும் இரசீது உண்டா? அதே பாடம் அரசுக் கல்லூரியிலோ மானியம் பெறும் கல்லூரியிலோ கிடைக்குமா? இறுதியாக, இப்பணம் போனபின் வீட்டிலுள்ள அடுத்த பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? இவ்வைந்தாம் கேள்வியே தலையாயது. ஒரு பிள்ளையின் கல்விக்காக மற்றொரு பிள்ளையின் கல்வியை விற்கும் வீட்டுக்கு எந்தக் கலாசாலையும் பெருவிலை உடையதே.

செய்யத்தக்கது யாது?

அரசாங்கம் திறந்து வைத்துள்ள வழிகள் பல. 2010 முதல் குடும்பத்தில் முதற் பட்டதாரியாக வருவோர்க்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே சேர்ந்தால் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவருக்கு 2020-இல் வைத்தியப் படிப்பிலும், 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளிலும் நூற்றுக்கு 7.5 இடம் ஒதுக்கப்பட்டது. அவர்தம் கட்டணத்தையும் அரசே ஏற்கின்றது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை 2022-இல் தொடங்கிற்று. இவற்றை அறியாமையாலே நம்மவர் பலர் இழக்கின்றனர். அறியாமைக்கு மருந்து பணமன்று. பக்கத்தில் இருந்து சொல்லும் ஒருவரே.

ஆதலின் சங்கத்தின் முன் மூன்று விண்ணப்பங்கள் வைக்கின்றோம். முதலாவது, தேர்வு முடிவு வந்தபின் பதினைந்து நாட்கள், கலாசாலையில் பயிலும் நம் மூத்த மாணவ மாணவியர் காரியாலயத்தில் அமர்ந்து, வருவோர்க்கு விண்ணப்பம் எழுதித் தரல் வேண்டும். இரண்டாவது, விருதுநகரார் பிடியரிசியை நினைவிற் கொண்டு, நம் வீடுகளில் நடக்கும் ஒவ்வொரு கலியாணத்திலும் செலவில் ஒரு சிறு பங்கைக் கல்வி நிதிக்கு ஒதுக்கி, அதனை வட்டியில்லாக் கடனாக மாணவர்க்கு, முக்கியமாய்ப் பெண்களுக்கு, வழங்குதல் வேண்டும். மூன்றாவது, அக்கடன் பெற்றுப் படித்து முன்னேறியவர், தொகையைத் திருப்புவதோடு நில்லாது, பாகாயத்து வைத்தியர் சிற்றூருக்குச் சென்று ஊழியம் செய்தது போல், நம் பிள்ளைகளுக்கு ஓராண்டு வார விடுமுறையில் பாடம் சொல்லித் தரல் வேண்டும்.

மேலே கூறிய அந்தப் பெண்மணி சென்ற மாதம் நம் காரியாலயத்துக்கு வந்திருந்தார். தமக்காக அன்று. தம்மோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு விதவைத் தாயாரின் மகளை அழைத்து வந்து, "இவளை எங்கே சேர்க்கலாம் ஐயா?" என்று கேட்டார். நிலத்தை விற்கலாமா என்று கேட்கவில்லை. விற்க நிலமும் இல்லை. விண்ணப்பத்தை யாமே எழுதி, கலந்தாய்வுக்கு உடன் சென்று, பாகாயத்து அரசினர் பொறியியற் கல்லூரியில் அச்சிறுமிக்கு இடம் பெற்றுத் தந்தோம். பேருந்துக்கும் புத்தகத்துக்கும் வேண்டிய பணத்தைச் சங்கத்து அன்பர் நால்வர் ஏற்றனர். இந்த முறை படம் எதுவும் அச்சிடவில்லை. அவள் படித்து முடித்தபின் அச்சிடுவோம்.